நோட்டீஸில் கிளாரினெட் இல்லை

அநியாயம் நடந்தது ஞானக்கனி அண்ணனுக்கு. செய்தவர்கள், சாத்தூருக்குப் பக்கத்தில் நல்லிமேடு என்கிற ஊரில் இருக்கும் ஜெயமாருதம் பேண்டு செட்டைச் சேர்ந்த மூன்று பேர். பத்தொன்பது வருஷமாக அந்தச் செட்டில் கிளாரினெட் வாசித்த மனிதரை, ஒரு நோட்டீஸைக் காட்டி வெளியே நிறுத்திவிட்டார்கள். அதுவும் எப்படிப்பட்ட நோட்டீஸ் என்கிறீர்கள்? யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது என்று சொல்லுகிற நோட்டீஸ்.

கோபப்படாமல் சொல்லிப் பார்க்கிறேன்.

ஞானக்கனி அண்ணனுக்கு ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது போன வருஷம் தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்தார். ஆறே மாதத்தில் உடம்பு தேறி, மூச்சு பழையபடி வந்துவிட்டது. மறைக்கத் தெரியாத ஆள். செட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லி, டாக்டர் கொடுத்த நோட்டீஸையும் கையில் கொடுத்தார்.

செட்டின் தலைவர் உத்தண்டராமன். டிரம்பெட் வாசிப்பவர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அவர் அந்த நோட்டீஸை மூன்று தடவை சத்தமாக வாசித்தார். கை குலுக்குவதால் பரவாது. கட்டிப்பிடிப்பதால் பரவாது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதால் பரவாது. கொசு கடிப்பதால் பரவாது. அவ்வளவுதான், ஐந்து வரி.

"கிளாரினெட்டைக் காணமே" என்றார் மாஸ்டர்.

பெரிய டிரம் அடிக்கிற கொம்பையா வாங்கிப் பார்த்தார். சைடு டிரம் அடிக்கிற சங்கிலி நோட்டீஸைத் திருப்பி அதன் முதுகையும் பார்த்தார். அங்கேயும் இல்லை. அச்சகத்தின் பெயர்தான் இருந்தது.

அன்றிலிருந்து ஞானக்கனி அண்ணன் செட்டில் இல்லை.

இந்த மூன்று பேரும் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. கெட்டவர்களோடு சண்டை போடலாம். இவர்கள் தினமும் காலையில் அவர் வீட்டுக்குப் போய், வரிசையாக நின்று கை குலுக்கினார்கள். ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தார்கள். ஒரே தட்டில் இட்லியை வைத்து நாலு பேரும் கை போட்டுச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் கம்மாய்க்கரையில் போய், கொசு நன்றாகக் கடிக்கும் இடமாகப் பார்த்து அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் பெட்டியைத் திறந்து கிளாரினெட்டை வெளியே எடுத்தால் மட்டும் எழுந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

நானும் நல்லிமேட்டுக்காரிதான், அவர்களிடம் வாதாடினேன். வாதம் என்றால் எனக்கு உயிர், பல்கலைக்கழகத்தில் மூன்று கோப்பை வாங்கியிருக்கிறேன். "மூச்சு விடுவதைப் பற்றிக்கூடத்தான் நோட்டீஸில் இல்லை, அதற்காக அவர் பக்கத்தில் மூச்சு விடாமல் இருக்கிறீர்களா?" என்று கேட்டேன். இதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது என்று நினைத்துக்கொண்டு கையைக் கட்டி நின்றேன்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த நிமிஷமே கொம்பையா மூச்சை நிறுத்திவிட்டார். முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போய், ஆள் சாய்ந்து, தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியதாகிவிட்டது. கண்ணைத் திறந்ததும் அவர் கேட்டது, "இனிமே எப்ப விடலாம் தாயி?" என்பதுதான். அதிலிருந்து நான் கேள்வியாக எதையும் கேட்பதில்லை.

இந்த நிலைமையில்தான் சைக்கிள் பயணம் வந்தது. அந்த நோட்டீஸைக் கொடுத்த டாக்டர் மெஹருன்னிசா ஏற்பாடு செய்தது. எய்ட்ஸ் பற்றிய பயத்தைப் போக்கவும், மாத்திரை சாப்பிடுகிற குழந்தைகளின் விடுதிக்கு நிதி சேர்க்கவும், திருச்சியிலிருந்து திருநெல்வேலி வரை நாலு நாள் சைக்கிள் ஓட்டுவது. கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர். எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து தொண்டர்களாகப் போனவர்களில் நானும் உண்டு. ஞானக்கனி அண்ணன் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

அவருக்கு ஒரே ஒரு காரணம்தான். பயணம் முடிகிற வியாழனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் கிளாரினெட் கட்டாயம் வேண்டும் என்றிருந்தார்கள். சங்கரன்கோவிலில் ஒரு கிளாரினெட்காரரை மாஸ்டர் பேசி வைத்திருந்தார். வியாழன் சாயங்காலத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த ஆள் வந்து சேர்ந்துவிடுவார். கல்யாணத்துக்கு மட்டுமில்லை, நிரந்தரமாக.

ஞானக்கனி அண்ணன் மாஸ்டரிடம் போய் நின்றார். "முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுறேன் மாஸ்டர். வெள்ளிக்கிழமை நான் வரலாமா?"

மாஸ்டர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஓட்டு, பார்ப்போம்" என்றார்.

வேறு செட்டுக்குப் போங்களேன் அண்ணே என்று நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். நாலு செட்டுக்குப் போய் வந்துவிட்டாராம். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், எல்லாரும் பத்தடி தள்ளி நின்றுதான் பேசினார்கள். "இவங்க மூணு பேருதான் தாயி என்னத் தொடுறாங்க" என்றார்.

ஊர் ஊராகக் கூட்டம் சேர்க்க வாத்தியம் இருந்தால் நல்லது என்று டாக்டர் அந்த மூவரையும் சேர்த்தே அழைத்திருந்தார். ஆளுக்கொரு சைக்கிள், ஆளுக்கொரு ஹெல்மெட், ஆளுக்கொரு அறிவுரைத் தாள். அறிவுரைத் தாளைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் கொம்பையா வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். சுமை இருபுறமும் சமமாக இருக்க வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தது. கேரியருக்கு இடது பக்கம் பெரிய டிரம். வலது பக்கம் ஆட்டுக்கல். வீட்டிலிருந்து ரயிலில் கொண்டுவந்திருக்கிறார். டிரம்மைவிட ஆட்டுக்கல் கனம் கூடுதல் இல்லையா என்று யாரோ கேட்டதற்கு, ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, டிரம் பக்கத்தில் குழவியையும் கட்டினார்.

எதிரே வாகனம் வந்தால் ஓரமாக நின்று வழிவிடவும் என்பது இன்னொரு அறிவுரை. திருச்சி மதுரை சாலை நாலுவழிச் சாலை. எதிரே வருகிற வண்டிகள் நடுவில் பூச்செடி வைத்த திட்டுக்கு அந்தப் பக்கம் வருகின்றன. வரட்டுமே, எதிரேதானே வருகின்றன. ஒவ்வொரு லாரிக்கும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் மூவரும் இறங்கி ஓரமாக நின்று வழிவிட்டார்கள். டாக்டர் தன் ஜீப்பில் திரும்பி வந்து பார்த்தபோது, ஒன்றரை மணி நேரத்தில் முந்நூறு அடி வந்திருந்தார்கள். ஞானக்கனி அண்ணன் ஐம்பது அடி பின்னால், ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காத்துக்கொண்டிருந்தார். முன்னால் போக அவருக்கு மனசில்லை. பக்கத்தில் வர இவர்கள் விடவில்லை. சைக்கிளும் நோட்டீஸில் இல்லையே.

டாக்டர் பொறுமையாக விளக்கிய பிறகு ஒருவழியாகச் சக்கரம் உருண்டது. அப்போதுதான் பெரிய பிரச்சினை கிளம்பியது.

பேண்டு செட்டுக்குத் தெரிந்த காரியங்கள் இரண்டு. ஒன்று கல்யாணம், இன்னொன்று சாவு. கல்யாணத்துக்கு ஒரு கட்டுப் பாட்டு, சாவுக்கு ஒரு கட்டுப் பாட்டு. கோவில் கொடை, கட்சி ஊர்வலம் எல்லாம் கல்யாணக் கட்டில் அடக்கம். எய்ட்ஸ் சைக்கிள் பயணம் எந்தக் கட்டு? விராலிமலைக்குள் நுழைவதற்கு முன்னால் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"நோயைப் பத்தின காரியம். துக்கம்தான்" என்றார் சங்கிலி.

"எல்லாரும் தொப்பி போட்டு, கொடி கட்டி வாறாங்க. துக்கத்துக்கு எவன் கொடி கட்டுவான்?" என்றார் மாஸ்டர்.

"பின்னால ஆம்புலன்ஸ் வருதே மாஸ்டர்."

"முன்னால ஜீப் வருதே. மாப்பிள்ளை ஜீப்புலயும் வருவாருல்லா."

கொம்பையா ஹெல்மெட்டைச் சொறிந்தார். அதைக் கழற்றக் கூடாது என்று தாளில் இருந்ததால் காலையில் குளித்ததும் அதோடுதான். "அப்ப முன்னால பார்த்து கல்யாணம் வாசிப்போம், பின்னால பார்த்து சாவு வாசிப்போம்" என்றார்.

நியாயமான தீர்ப்பு என்று மூவருக்கும் பட்டது. ஊருக்குள் நுழையும்போது மாப்பிள்ளை அழைப்பு. கடைத்தெரு பாதி வந்ததும் திரும்பி நின்று, ஆம்புலன்ஸைப் பார்த்தபடி மயான ஊர்வலம். கடைக்காரர்கள் முதலில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள், மாப்பிள்ளை அழைப்பிலேயே இப்படி ஆகிவிட்டதா என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் பூக்கடைக்காரர்கள் சேர்ந்து ஆம்புலன்ஸுக்கு ஒரு பெரிய ரோஜா மாலை போட்டுவிட்டார்கள். உள்ளே சுளுக்குக்கு மருந்து தடவிக்கொண்டு படுத்திருந்த எங்கள் வகுப்புப் பையன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். அதற்குப் பிறகு விராலிமலையில் நாங்கள் ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுக்க முடியவில்லை. தெருவில் ஆளே இல்லை.

இவ்வளவுக்கும் நடுவில், தெருவின் மறுகோடியில் ஞானக்கனி அண்ணன் தனியாக நின்று, டாக்டர் கேட்டுக்கொண்டபடி கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டம் அவரைச் சுற்றி நிற்காமல் ஓடிப்போனதற்குக் காரணம் தன் நோய்தான் என்று நினைத்துவிட்டார். ஆம்புலன்ஸ் மாலையைக் காட்டி நான் விளக்கிய பிறகுதான் முகம் தெளிந்தது.

அன்று சாயங்காலம் அவர் மாஸ்டரிடம் வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டார். மாஸ்டர், "இன்னும் மூணு நாள் கெடக்கே, பார்ப்போம்" என்றார்.

செவ்வாய்க்கிழமையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எப்போதும் இடது பக்கமே செல்லவும் என்ற வரியை மேலூர் வரும்வரை அவர்கள் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு, வந்த முதல் தெருவில் இடது பக்கம் திரும்பினார்கள், அடுத்ததிலும் இடது, அடுத்ததிலும் இடது. மேலூர் பஸ் நிலையத்துக்கு நாலு தடவை வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது தடவை டீக்கடைக்காரர் கேட்காமலே மூன்று டீ போட்டு வைத்திருந்தார். நாலாவது தடவை மாஸ்டர் அவரிடம், "மேலூர் ரொம்பப் பெரிய ஊரா இருக்கே, எல்லாத் தெருவுலயும் பஸ் நிலையம் கட்டி வச்சிருக்கீங்க" என்று பாராட்டினார்.

அன்றைக்குக் கேட்டபோதும் "பார்ப்போம்"தான்.

புதன்கிழமை காலையில் திருமங்கலத்தில் டாக்டர் மூவரையும் தனியாகக் கூப்பிட்டார். குரலை உயர்த்தாத மனுஷி. இரண்டு நாளாகப் பார்க்கிறேன், ஞானக்கனியைப் பின்னால் தனியாக விட்டுவிட்டு வருகிறீர்கள், இது என்ன பயணத்துக்கு வந்த லட்சணம், இன்றைக்கு அவரோடு சேர்ந்துதான் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மூவரும் நோட்டீஸை எடுத்து விரித்தார்கள். நானும் கூடவே நின்றேன்.

"சேர்ந்து சைக்கிள் ஓட்டுறது இதுல இல்லையே மாஸ்டர்."

"டாக்டரம்மா சொல்லிட்டாங்களேடா."

"சொன்னாங்க. எழுதலையே" என்றார் சங்கிலி. "வாயால ஆயிரம் சொல்லுவாங்க. அச்சடிக்கணும்னா யோசிச்சுத்தான அச்சடிப்பாங்க."

கொம்பையா விரலை வைத்து முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்டினார். "கை குலுக்குறது இருக்கு."

மூவரும் அந்த வரியின் மேல் குனிந்தார்கள். பிறகு மாஸ்டர் மெதுவாக நிமிர்ந்தார்.

"அப்படின்னா கை குலுக்கிக்கிட்டே ஓட்டுவோம். சைக்கிள் ஓட்டுறது கால். குலுக்குறது கை. என்னடே பண்றீங்கன்னு எவனாவது கேட்டா, கை குலுக்குறோம்னு சொல்லு. கால் என்ன பண்ணுதுன்னு நோய்க்கு எதுக்கு?"

கை குலுக்க வேண்டுமானால் வலது கையும் வலது கையும் சேர வேண்டும். இடது கையால் குலுக்குவது மரியாதை இல்லை என்று சங்கிலி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் போகிற இரண்டு பேர் வலது கையோடு வலது கை கோர்த்துச் சைக்கிள் ஓட்ட முடியுமா என்று நீங்கள் உட்கார்ந்த இடத்தில் முயன்று பாருங்கள். மாஸ்டர் நாற்பது அடி ஓட்டிவிட்டுக் கருவேலம் புதருக்குள் போனார். சங்கிலி அறுபது அடி. ஞானக்கனி அண்ணனும் இரண்டு தடவை கூடவே போனார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. பயணத்தில் முதல் தடவையாகப் பக்கத்தில் ஆள் வருகிறதே என்று சந்தோஷமாகவே விழுந்தார்.

மூன்றாவது கிலோமீட்டரில் நெடுஞ்சாலை ரோந்துப் போலீஸ் நிறுத்தியது. வண்டியிலிருந்து இறங்கிய ஏட்டையா, முள் கீறிய நாலு பேரையும் ஆட்டுக்கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன பண்றீங்க?"

"கை குலுக்குறோம் சார்" என்றார் மாஸ்டர்.

"எவ்வளவு நேரமா?"

"திருமங்கலத்துலேர்ந்து சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நோட்டீஸை வாங்கி முழுசாகப் படித்தார். நல்ல மனிதர். தானும் ஒரு தடவை ஞானக்கனி அண்ணனோடு கை குலுக்கினார். ஆனால் இந்தச் சாலையில் இனி ஒருவர் பக்கத்தில் ஒருவராகப் போகக் கூடாது, முன்னும் பின்னுமாகத்தான் போக வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

முன்னும் பின்னுமாகப் போனால் கை குலுக்க முடியாது. மறுபடி நோட்டீஸ் விரிந்தது. இந்தத் தடவை கொம்பையாவின் விரல் இரண்டாவது வரியில் நின்றது. கட்டிப்பிடிப்பதால் பரவாது.

அவர்கள் கண்டுபிடித்த வழி இது. ஒருவர் ஞானக்கனி அண்ணனின் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்து அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொள்வது. முன்னும் பின்னுமாகவும் ஆயிற்று, சேர்ந்து போனதாகவும் ஆயிற்று, நோட்டீஸுக்குள்ளும் ஆயிற்று. அவர்களுடைய சைக்கிள்கள் மூன்றும் ஆம்புலன்ஸ் கூரையில் ஏறின. ஞானக்கனி அண்ணன் மாஸ்டரை ஐந்து கிலோமீட்டர் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். சங்கிலியை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு கொம்பையா. கொம்பையாவோடு டிரம்மும் வரும். டிரம்மோடு ஆட்டுக்கல் வரும். சமமாக இருக்க வேண்டுமே.

நான் குறுக்கே போய் நின்றேன். இதற்குப் பேசாமல் மூன்று பேரும் ஆம்புலன்ஸில் ஏறி உட்காரலாமே என்றேன்.

மாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சைக்கிள் பயணம்னு கையெழுத்துப் போட்டிருக்கோமே தாயி. ஆம்புலன்ஸ்ல போனா ஊரை ஏமாத்துனது ஆகாதா? படிச்ச பிள்ளை இப்படிச் சொல்லலாமா?"

ஒவ்வொரு ஐந்து கிலோமீட்டருக்கும் அந்த மனிதர் இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டினார். மத்தியான வெயிலில், பகல் முழுக்க. நோயாளி என்று ஒதுக்கிவைக்கப்பட்டவர், ஆரோக்கியமான மூன்று பேரையும் ஒரு ஆட்டுக்கல்லையும் முதுகில் கட்டிக்கொண்டு தமிழ்நாட்டின் நடுவே மிதித்தார். விருதுநகருக்கு முன்னால் டாக்டர் ஜீப்போடு திரும்பி வந்து நிறுத்தாவிட்டால் சாத்தூர் வரைக்கும் அப்படியே மிதித்திருப்பார். டாக்டர் மூவரையும் ஒரு வார்த்தையும் பேசவிடாமல் லாரியில் ஏற்றிச் சாத்தூருக்கு அனுப்பினார். ஞானக்கனி அண்ணன் மட்டும் மாட்டேன் என்று சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார்.

சாத்தூர் பஸ் நிலையத்தில் சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில் மேலேயே தலையைச் சாய்த்து மூச்சு வாங்கினார்.

மாஸ்டர் அவரைச் சுற்றி வந்து பார்த்தார். முகத்தில் உண்மையான வருத்தம். "பாவம், எப்படி மூச்சு வாங்குது பாரு. நாங்க மூணு பேரும் வந்துதான இருக்கோம், எங்களுக்கு வாங்குதா? இதான் நோயிங்கிறது. கிளாரினெட்டுக்கு மூச்சுதானேடே எல்லாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு, விவாத மேடையில் சொல்லக் கூடாத இரண்டு மூன்று சொற்கள் நாக்கு நுனிவரை வந்தன. வாயைத் திறப்பதற்குள் ஞானக்கனி அண்ணன் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பெட்டியைத் திறந்தார். கிளாரினெட்டைக் கோர்த்தார். மூவரும் வழக்கம்போல ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

அவர் வாசித்தது மாப்பிள்ளை அழைப்பு. விராலிமலையில் டிரம்பெட்டை வைத்துக்கொண்டு இவர்கள் குதறிய அதே பாட்டு. கடைசியில் ஒரு இடம் வரும், மூச்சை விடாமல் மேலே மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும், நல்ல வாசிப்பாளர்களே பாதியில் மூச்சைத் திருடிக்கொள்கிற இடம். அவர் திருடவில்லை. போய்க்கொண்டே இருந்தார். கண்டக்டர்கள் விசிலை வாயில் வைத்தபடி நின்றுவிட்டார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் முதலில் அசைந்தது சங்கிலியின் குச்சி. அவர் குனிந்து தன் கையைத் தானே பார்த்தார், யாருடையதோ என்பதுபோல. பிறகு கொம்பையாவின் டிரம்மில் அடி விழுந்தது. மாஸ்டர் கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், அப்புறம் டிரம்பெட்டை எடுத்துவிட்டார். நடுவில் கோவில்பட்டி பஸ்ஸும் மதுரை பஸ்ஸும் மண் லாரியும் போய்க்கொண்டிருந்தன. வண்டி மறைக்கும்போது சத்தம் குறையும், போனதும் கூடும். ஆனால் தாளம் ஒரு இடத்திலும் விலகவில்லை. பத்தொன்பது வருஷம் பக்கத்தில் நின்று வாசித்தவர்கள் இல்லையா.

முடிந்ததும் மாஸ்டர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்தே உரக்கச் சொன்னார். "வாசிப்புல ஒரு குறையும் இல்லைடே ஞானக்கனி. குறை நோட்டீஸ்லதான்."

நான் இதைப் பிடித்துக்கொண்டேன். நோட்டீஸில் கிளாரினெட் ஏறிவிட்டால் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்கவில்லை. கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன் என்று சொன்னேனே. நோட்டீஸில் கிளாரினெட் ஏறும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் திருநெல்வேலியில் பள்ளி மைதானத்தில் பயணம் முடிந்தது. ஞானக்கனி அண்ணன் கடைசிவரை தன் காலாலேயே மிதித்து வந்தார். மாலை, கைதட்டல் எல்லாம் ஆன பிறகு டாக்டரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஒரு நோட்டீஸை எடுத்து, அடியில் காலியாக இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மூவரையும் எதிரே உட்காரச் சொன்னார்.

"இன்னும் என்னென்ன சந்தேகம் இருக்கோ எல்லாத்தையும் சொல்லிடுங்க மாஸ்டர். ஒண்ணு விடாம எழுதிடறேன். நான் உடனே திருச்சி திரும்பணும்."

மூவரும் மாறி மாறிச் சொன்னார்கள், டாக்டர் எழுதினார். சேர்ந்து சைக்கிள் ஓட்டுவதால் பரவாது. ஒரே வேனில் போவதால் பரவாது. ஒரே பெஞ்சில் உட்காருவதால் பரவாது. அவருடைய பேண்டு செட் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நம்முடைய சிவப்புக் கோட்டை மாட்டுவதால் பரவாது. கடைசியாக, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், கிளாரினெட் வாசிப்பதால் பரவாது. கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, பையிலிருந்து முத்திரையை எடுத்து அழுத்தி ஒரு குத்துக் குத்தினார். ஞானக்கனி அண்ணனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஜீப்பில் ஏறினார். ஜீப் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

மாஸ்டர் மூன்று தடவை சத்தமாக வாசித்தார். மூன்றாவது தடவை கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை வாசித்தார். கொம்பையா நோட்டீஸுக்கு முத்தம் கொடுத்தார். எனக்குக்கூடக் கண் கலங்கியது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் சங்கிலி நோட்டீஸை வாங்கி, மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தார். மாஸ்டரின் காதில் ஏதோ சொன்னார். மூவரும் எழுந்து மைதானத்தின் மூலைக்குப் போனார்கள். கூடைப்பந்துக் கம்பத்துக்குக் கீழே குத்தவைத்து உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் பேசினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மாஸ்டர் தலையை ஆட்டுவதும், கொம்பையா நோட்டீஸைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் தெரிந்தது.

வெயில் இறங்கியது. சங்கரன்கோவிலுக்கு வார்த்தை சொல்ல வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. ஞானக்கனி அண்ணனால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவர்களிடம் நடந்தார். நானும் கூடவே போனேன்.

மூவரும் எழுந்து நின்றார்கள். ஹெல்மெட்டைத் தவிர மற்றதெல்லாம் வாடிப் போயிருந்தது. சங்கிலி நிலத்தைப் பார்த்தார். கொம்பையா உதட்டைப் பிதுக்கி அழுகையை அடக்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், வெள்ளிக்கிழமை நான் வரலாமா?"

மாஸ்டர் நோட்டீஸை நாலாக மடித்து, ஞானக்கனி அண்ணனின் சட்டைப் பையில் தானே வைத்து, தட்டிக்கொடுத்தார்.

"உனக்கென்னடே, நீ தாராளமா வரலாம். கிளாரினெட்டு முத்திரையோட வந்துட்டுதே. டிரம்பெட்டையும் காணம், பெரிய டிரம்மையும் காணம், சைடு டிரம்மையும் காணம், அதை எப்படி நாங்க தைரியமாத் தொடுறது? அதனால நாளைக்கு நீ முன்னால நின்னு வாசி. நாங்க கோட்டைப் போட்டுக்கிட்டு பின்னால வாரோம். சம்பந்திமாரு எல்லாரையும் கட்டிப்பிடிச்சு, கை குலுக்கி, ஒரே தட்டுல சாப்பிட்டுட்டுப் போறோம். அடுத்த முகூர்த்தத்துக்காவது எங்களைச் செட்டுல சேர்த்துக்கலாமான்னு, நீதான் டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிச் சொல்லணும்."